பேர் இருக்கிற பூச்சாடி

2003ஆம் ஆண்டு மார்ச் மாதம், ஒரு சனிக்கிழமை. காலை ஐந்து நாற்பதுக்குப் பூண்டுலோயாவிலிருந்து தலவாக்கலைக்குப் புறப்படும் முதல் பஸ்ஸில் ஏறினேன். டிக்கெட் பதினான்கு ரூபாய். மடியில் பழைய கம்பளியில் சுற்றிய ஒரு கண்ணாடிப் பூச்சாடி இருந்தது. கம்பளிக்கு மேலே, தேயிலைக் கொழுந்து எடுக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்கையும் சுற்றியிருந்தேன். போகவேண்டிய இடம் நல்லதண்ணி. சிவனொளிபாத மலையின் அடிவாரம். இத்தனை வயதுக்கு நான் அந்தப் பக்கம் போனதே இல்லை.

எதற்குப் போனேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் பழைய பூச்சாடிகள் சேர்க்கிறவள். வெள்ளைக்காரத் துரைமாரின் பங்களாக்களில் இருந்த சாடிகள். துரைமார் ஊரைவிட்டுப் போனபோது பியானோவையும் வெள்ளிச் சாமான்களையும் கொண்டுபோனார்கள். கண்ணாடி உடையும் என்று விட்டுவிட்டுப் போனார்கள். அதெல்லாம் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களுக்கு வந்து சேர்ந்தது. ஒரு வீட்டில் ஊதுபத்தி குத்திவைத்தார்கள், இன்னொரு வீட்டில் மண்ணெண்ணெய் ஊற்றினார்கள், மற்றொரு வீட்டில் பாவற்காய் விதை போட்டு மூடினார்கள். நான் எவர்சில்வர் பாத்திரம் கொடுத்து மாற்றிக்கொள்வேன். ஒரு தூக்குச்சட்டிக்கு ஒரு சாடி. அவர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்தார்கள். நானும் அவர்களை அப்படித்தான் நினைத்தேன். அதனால் சண்டை வந்ததில்லை. இப்படிப் பதினான்கு சாடிகள் சேர்ந்திருந்தன.

வியாழக்கிழமை கடைத்தெரு டெலிபோன் கடையிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டார்கள். பேசியது சவரிமுத்து அண்ணன். கல்யாணத்துக்கு முன்பு மூன்று வருடம் நான் எங்கள் தோட்டத்துப் பங்களாவில் பூ மாற்றுகிற வேலை பார்த்தேன். அப்போது அங்கே குசினிக்குப் பொறுப்பான அப்பு அவர்தான். பிறகு துரை நல்லதண்ணிப் பக்கம் மாற்றலானபோது அவரும் கூடவே போய்விட்டார். இப்போது எண்பதை நெருங்குகிறார். கண் மங்கிவிட்டது.

"மீனாச்சி, திங்கக்கிழம நான் வத்தளைக்குப் போறேன். மக வந்து கூட்டிட்டுப் போறா. இனி இந்தப் பக்கம் வரமாட்டேன். நீ சாடி எல்லாம் சேக்கிறியாமே. துரைசானி குடுத்த வாஸ் ஒன்னு எங்கிட்ட இருக்கு."

"என்னா நெறம்ணே?"

"நெறத்த விடு புள்ள. அதுக்குப் பேர் இருக்கு! பேர் இருக்கு!"

அத்தோடு லைன் அறுந்துவிட்டது.

பங்களாவில் வேலை செய்தவர்களுக்குப் 'பேர்' என்றால் சோடி. ஒரு பேர் சப்பாத்து, ஒரு பேர் மெழுகுவர்த்தித் தண்டு. துரையின் மனைவி, துரைசானி, எதையும் ஒற்றையாக வைக்கமாட்டாள். இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. என்னிடம் முதன்முதலாக வந்த சாடி அவள் வீட்டுச் சாடிதான். மாற்றலாகிப் போகும்போது வாய் உடைந்திருக்கிறது என்று குப்பையில் போட்டிருந்தாள், எடுத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அது ஒற்றை. அதன் சோடி எங்கேயோ இருக்கிறது என்று முப்பது வருடத்துக்கு மேல் நம்பி வந்தவள் நான். அண்ணன் 'பேர் இருக்கு' என்றதும் எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. சோடிதானா என்று பார்க்கவேண்டுமானால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். அதனால்தான் என் சாடியைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டேன். திங்கட்கிழமைக்குள் அவர் அதை எனக்குத் தருவாரா என்பதுதான் பெரிய யோசனையாக இருந்தது. கேட்டு வாங்கி எனக்குப் பழக்கமில்லை.

ஆறு ஐம்பதுக்குத் தலவாக்கலை. ஒரு பணிசும் பிளேன்டீயும் பன்னிரண்டு ரூபாய். அட்டன் பஸ் ஏழு மணிக்கு. ஜன்னல் பக்கத்து இடம் கிடைத்தது. சென்கிளயர் அருவி எதிர் மலையில் விரித்துப் போட்ட வேட்டியாக விழுந்தது. அதற்கடுத்து டெவன் அருவி, ஒரே இழையாக. பஸ்ஸில் இருந்த மற்றவர்கள் யாரும் தலையைத் திருப்பவில்லை. அவர்களுக்குத் தினமும் பார்க்கிற பாதை. நான் இரண்டு அருவியும் மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

எட்டேகாலுக்கு அட்டன். சிவனொளிபாத சீசன் காலம். ரயிலிலிருந்து இறங்கிய சனம் வெள்ளை உடுப்போடு பஸ் நிலையம் முழுக்க நிறைந்து நின்றது. நல்லதண்ணி பஸ் டிக்கெட் முப்பத்தெட்டு ரூபாய். ஏறியதோடு சரி, உட்கார இடமில்லை. கொண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன, இஸ்ஸரஹட்ட யன்ன" என்று எல்லாரையும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டே என்னிடம் தமிழில் கத்தினார்.

"அம்மா, அந்த மூட்டைய மேல வைங்க!"

"ஒடையிற சாமான் தம்பி."

"ஒடையாத சாமான் இந்த பஸ்ல எதுவும் இல்லம்மா. என் இடுப்பே ஒடஞ்சுதான் கெடக்கு!"

நான் சாடியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றேன். எதிர் சீட்டில் வெள்ளைச் சேலை கட்டிய ஒரு சிங்கள அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அம்மே, புது பிலிமயக்த?" என்றார். புத்தர் சிலையா என்று கேட்கிறார். நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள், பக்கத்தில் இருந்த இரண்டு பேர் எழுந்து கைகூப்பிவிட்டார்கள். எனக்கு வேர்த்துவிட்டது. "நே நோனே, மல் போச்சியக்" என்றேன். பூச்சாடிதான் என்று. சிரிப்பார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மா சிரிக்கவில்லை. பூ வைக்கிற பாத்திரம் என்றால் அதுவும் புண்ணியச் சாமான்தானே என்று சிங்களத்தில் சொல்லி, தன் பிள்ளையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு எனக்கு இடம்விட்டார். நல்லதண்ணி வரைக்கும் பஸ் திரும்பும்போதெல்லாம் என் சாடிக்கு அண்டைகொடுத்து ஒரு கை வைத்தபடியே வந்தார்.

நோர்வூட் தாண்டி, பத்து மணிக்கு மஸ்கெலியா. மழையில்லாத மாதம் என்பதால் அணையில் தண்ணீர் இறங்கியிருந்தது. அணை கட்டியபோது முழுகிப்போன பழைய ஊரின் கோயில் தண்ணீருக்கு மேலே தலைகாட்டியது. "இன்னும் ரெண்டு வாரம் வெயிலடிச்சா படியும் தெரியும்" என்றார் கொண்டக்டர். அந்தக் கோயிலைப் பார்த்ததும் தண்ணீருக்குள் இருக்கிற வீடுகளில் என்னென்ன சாமான்கள் இருக்குமோ என்று என் மனது போனது. சேர்க்கிற பித்துப் பிடித்தவள் மனது அப்படித்தான் போகும்.

பதினொரு மணிக்கு நல்லதண்ணி. இறங்கியதும் மேலே பார்த்தேன். பிறகு கொஞ்ச நேரம் நான் நடக்கவில்லை. எங்கள் ஊரிலும் மலைதான். நாங்கள் மலையில்தான் பிறந்தோம், மலையில்தான் சாவோம். ஆனால் இப்படித் தனியாக, யார் தோளிலும் சாயாமல், வானத்தில் கூராக நிற்கிற மலையை நான் பார்த்ததில்லை. பாதையோரம் தொதல் இனிப்புக் கடைகளும் கம்பளித் தொப்பிக் கடைகளும் கூவிக்கொண்டிருந்தன. எனக்கு எதுவும் காதில் விழவில்லை.

அண்ணன் இருக்கிற தோட்டம் அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் மேலே. ஆட்டோக்காரர் நூற்றைம்பது ரூபாய் கேட்டார். மூட்டையைப் பார்த்தார்.

"முட்டையாம்மா?"

"கண்ணாடி, தம்பி."

"அப்ப நடந்து போயிருங்க. என் வண்டியில வந்தா எறங்கும்போது மாவாத்தான் இருக்கும்."

வந்த கூலியை வேண்டாம் என்று சொன்ன ஒரே ஆட்டோக்காரர் அவராகத்தான் இருப்பார். நடந்தேன்.

பன்னிரண்டு மணி. லயத்தின் கடைசிக் காம்பரா. வாசலில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் பாய்களைக் கயிறுபோட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். கொழும்புக்குப் பக்கத்து வத்தளையில் கார்மென்ட் வேலை பார்க்கும் மகள் ஸ்டெல்லா. உள்ளே இருட்டில், கட்டி முடித்த டிரங்குப் பெட்டியின் மேல் சவரிமுத்து அண்ணன் உட்கார்ந்திருந்தார்.

"யாரு, மீனாச்சியா? அதே செருப்புச் சத்தம். பூ மாத்த வரும்போதும் இப்பிடித்தான் தேச்சுத் தேச்சு நடப்ப."

"அப்ப எனக்கு செருப்பே இல்லண்ணே."

"வந்ததும் வராததுமா எதுத்துப் பேசுது பாரு" என்று சிரித்தார். முன்பல் இரண்டும் இல்லை. குரல் மட்டும் அதே குசினிக் குரல்.

"ஸ்டெல்லா, அத்தைக்கு அத எடுத்துக் காட்டு."

அவள் அடுப்பு மேட்டுக்குப் பக்கத்திலிருந்து சீலைத்துணியில் மூடிய ஒன்றைக் கொண்டுவந்தாள். முழங்கை உயரம். துணியை எடுத்தபோது எனக்குச் சப்பென்று போய்விட்டது. கரிக்கட்டையாக இருந்தது. இதற்கா இவ்வளவு தூரம் என்று நினைத்தேன்.

"உள்ளுக்கு வச்சுப் பாக்காத. வெளிச்சத்துக்குக் கொண்டு போ" என்றார் அண்ணன்.

வாசலுக்குக் கொண்டுபோய் வானத்துக்கு நேரே தூக்கினேன். கறுப்பாக இருந்தது கறுப்பில்லை, கோப்பிக்கொட்டை நிறம். அதற்கு உள்ளே பச்சை. அதற்கும் உள்ளே மஞ்சள், ஆறு மணிக்கு மலைக்குப் பின்னால் வருமே அந்த மஞ்சள். கிட்டத்தில் பெரிய மரங்கள். மரங்களுக்கு நடுவில் ஒரு தண்ணீர். தண்ணீருக்கு அந்தப் பக்கம் ஒரு மலை, அதற்குப் பின்னால் இன்னொன்று, அதற்குப் பின்னால் மங்கலாக இன்னொன்று. விரலால் தடவினேன். பூசின வண்ணமில்லை. வெங்காயத்தின் தோல் போலக் கண்ணாடிக்குள் கண்ணாடியாக வைத்து, மேல்தோலைச் செதுக்கிச் செதுக்கிக் கீழ்நிறத்தை வெளியே வரவிட்டிருக்கிறார்கள். மேகம் நகர்ந்தது. சாடிக்குள் அந்தத் தண்ணீரும் நகர்ந்தது. என்னிடமுள்ள பதினான்கும் சேர்ந்தாலும் இது ஒன்றுக்கு வராது.

கொஞ்சம் சுதாரித்துக்கொண்டு, மற்றதைத் தேடி உள்ளே எட்டிப் பார்த்தேன்.

"பேர் எங்கண்ணே?"

"கைய குடு." என் விரலைப் பிடித்து, சாடியின் அடியில் செதுக்கிய புல் முளைத்திருந்த இடத்தில் வைத்தார். புல்லுக்கு நடுவில் எழும்பி நின்ற எழுத்துகள். சாய்ந்த இங்கிலீஷ் கிறுக்கல். "இந்தா, பேரு."

எனக்கு விஷயம் விளங்க ஒரு நிமிடம் ஆனது. "நான் சோடின்னுல்ல நெனச்சேன்" என்றேன்.

அவர் சிரித்த சிரிப்பில் டிரங்குப் பெட்டி ஆடியது. "சோடியா! அடிப் பாவி! பங்களாவ விட்டு இத்தன வருசமாகியும் அந்தப் பேச்ச விடலயா நீ?"

ஸ்டெல்லா வாசலிலிருந்து, "அப்பா, ஒத்தையாத்தான இருக்கு. அத்தைக்கு இன்னைக்கு அரைப் பேர்தான் போடணும்" என்றாள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கும் பேர் என்றுதான் சொல்வோம். கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அரைச் சம்பளம். மூன்று பேரும் சிரித்தோம்.

சிரிப்பு அடங்கியதும் அவர் அந்த எழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னார். துரைசானி லீவில் சீமைக்குப் போய் வரும்போது இதைக் கொண்டுவந்தாளாம். ஒரேயடியாக ஊருக்குப் போகிற அன்று அவரைக் கூப்பிட்டு, அவர் விரலை எடுத்து இந்த இடத்தில் வைத்து, "நேம், அப்பு, நேம்" என்று சொல்லி, சாடியைக் கையில் கொடுத்தாளாம்.

"சீமையில குடுத்து என் பேரப் போட வச்சிருக்கா, மீனாச்சி. பேர் பதியிற செக்ரோல்ல ஒரு கணக்கப்புள்ளையும் என் பேர ஒழுங்கா எழுதினதில்ல. ஒருத்தன் செவரிம்பான், ஒருத்தன் சாவரிம்பான். இது ஒன்னுலதான் சரியா இருக்கு. கண்ணு போனாலும் வெரலுக்குத் தெரியுது."

நான் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். அவள் அவருக்குப் பின்னால் நின்று தலையை ஆட்டி, வாயில் விரல் வைத்துக் காட்டினாள். தேத்தண்ணிக்குக் கூப்பிடுகிற சாக்கில் என்னை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"இங்கிலீஷ் எழுத்துப் படிச்ச அன்னைக்கே எனக்குத் தெரியும் அத்த. அது செஞ்சவன் பேரு. அவர்கிட்ட சொல்லிராதீங்க."

எனக்கும் அதற்குள் தெரிந்துவிட்டிருந்தது. நான் இங்கிலீஷ் படித்தவள் இல்லை. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்பு வரைதான். ஆனால் என் சாடியின் அடியில் ஒரு கொடி உண்டு. முப்பது வருடமாக அதைக் கொடி என்றுதான் துடைத்து வந்தேன். அண்ணனின் சாடியில் இருந்த எழுத்தும் அந்தக் கொடியும் ஒன்று. வளைவுக்கு வளைவு ஒன்று.

திரும்பி வந்தபோது அவர் முகம் மாறியிருந்தது.

"கோவிச்சுக்காத மீனாச்சி. குடுக்கலாம்னுதான் கூப்பிட்டேன். நுவரெலியாவுல இருந்துகூட ஒரு கடக்காரன் வந்து கேட்டான். இல்லேன்னுட்டேன். ஒனக்குன்னா குடுக்கலாம்னு இருந்தேன். இப்ப கையில வச்சுப் பாத்தா மனசு வரல. பேரு இருக்கிற சாமானை எப்பிடிக் குடுக்கிறது?"

"அப்பா, வத்தளை ரூம்ல ரெண்டு பேர் கால் நீட்ட முடியாது" என்றாள் ஸ்டெல்லா.

"மடியில வச்சிட்டு ஒக்காந்துக்கிறேன்."

"பரவால்லண்ணே" என்றேன். நெஞ்சு பரவாயில்லை என்று சொல்லவில்லை.

"நீ என்னமோ தூக்கிட்டு வந்தியே, அதக் காட்டு."

"வேணாம்ணே. சின்னது. வாய் ஒடஞ்சது."

"ஆறு மணி நேரம் தூக்கிட்டு வந்தத காட்டாமலா போவ? குடு இங்க." கையை நீட்டிவிட்டார். பெரியவர் நீட்டின கையை எப்படிச் சும்மா விடுவது. படங்கை அவிழ்த்து, கம்பளியை அவிழ்த்துக் கொடுத்தேன். அடிப்பக்கம் என் பக்கமாக இருக்கும்படி திருப்பித்தான் கொடுத்தேன். அவர் அதை மெல்ல உருட்டினார். வாயில் உடைந்த இடத்தைத் தொட்டார். இலைகளைத் தொட்டார். அடிக்கு வந்தார். விரல் நின்றது.

பிறகு தன் சாடிக்குப் போனார். திரும்ப என்னுடையதற்கு வந்தார். மூன்று தரம் போய் வந்தார்.

"மீனாச்சி. இத துரைசானி ஒனக்குக் குடுத்தாளா?"

"இல்லண்ணே. குப்பையில கெடந்துச்சு."

"இதுலயும் என் பேரு இருக்கே."

ஸ்டெல்லா அவசரமாக, "எல்லாத்துலயும் ஒங்க பேரப் போட்டிருப்பாங்கப்பா" என்றாள்.

"குப்பையில போடுறதுக்கா?" அவர் என் பக்கம் முகத்தைத் திருப்பினார். "நீ சொல்லு. ஒனக்குப் பொய் வராது. வாயே வராது, பொய் எங்க வரும்."

இவர் இந்தப் பெட்டிமேல் உட்கார்ந்து இன்னும் இரண்டு நாளில் ஊரைவிட்டே போகப்போகிறார். ஒரு 'ஆமாம்' சொல்லிவிட்டால் தீர்ந்தது. ஆனால் அந்த விரலுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பதை நான் என் கண்ணாலேயே பார்த்தேன்.

"செஞ்சவன் பேருண்ணே" என்றேன்.

ஸ்டெல்லா வெளியே போய்விட்டாள். பக்கத்துக் காம்பராவில் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. அண்ணன் இரண்டு சாடியையும் இரண்டு முழங்காலில் வைத்து, இரண்டு எழுத்தையும் ஒரே நேரத்தில் தடவிக்கொண்டிருந்தார்.

"எந்த நாட்டுக்காரனோ" என்றார் கடைசியில்.

"தெரியலண்ணே."

"செஞ்சவன் பேரப் போடுறது நாயந்தான். நாலு பங்களாவுல நான் எத்தன புட்டிங் செஞ்சிருப்பேன். ஒன்னுலயாவது பேரு போட்டேனா?" கொஞ்சம் நிறுத்தி, "போட்டிருந்தா துரை அதயும் சேத்துத் தின்னிருப்பான்" என்றார்.

நான் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் இருந்தேன். அவரே சிரித்தார். பிறகு பெரிய சாடியை என் பக்கம் நகர்த்தினார்.

"தூக்கிட்டுப் போ. என் பேருன்னு இருந்தப்ப குடுக்க முடியல. இன்னொருத்தன் பேருதான? எனக்கென்னா."

இந்த இடத்தில் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கவேண்டும். நீங்களே வைத்திருங்கள் என்று ஒரு வார்த்தை. நல்ல மனிதர்கள் அப்படித்தான் சொல்வார்கள். பஸ்ஸில் வரும்போதும் பிறகும் அந்த வார்த்தையைப் பல தடவை எனக்குள்ளே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அன்றைக்குச் சொல்லவில்லை. இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டேன். அவ்வளவு ஆசை.

ஸ்டெல்லா உள்ளே வந்து, அண்ணனின் பழைய பங்களாக் கோட்டை எடுத்து அதில் சாடியைச் சுற்றிக் கட்டித் தந்தாள். வாசல்வரை வந்து, "இருபத்தஞ்சு வருசமா நான் சொல்லாம வச்சிருந்தேன் அத்த" என்றாள். கோபமாகச் சொன்னாளா, பாரம் இறங்கிச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை.

இரண்டரைக்கு நல்லதண்ணியிலிருந்து பஸ். மலையேறி இறங்கிய சனம் காலை நீட்டித் தூங்கிக்கொண்டு வந்தது. அட்டனுக்கு ஐந்து, தலவாக்கலைக்கு ஆறேகால். கடைசி பஸ்ஸில் பூண்டுலோயா வந்து இறங்கியபோது இரண்டு கையும் மரத்துப்போயிருந்தன. வழியில் எந்த அருவியையும் நான் பார்க்கவில்லை.

எங்கள் காம்பரா ஜன்னல் கிழக்குப் பார்த்தது. காலை ஆறரைக்கு வெயில் அதில் வரும்போது சாடிக்குள் மலைகள் ஒவ்வொன்றாக விழிக்கும். நல்லதண்ணியில் வானத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தபோது தெரியாத ஒரு சின்னப் பாதை இங்கே தெரிகிறது. தண்ணீரோரமாகப் போய் மரங்களுக்குள் மறைகிறது. நாற்பது வருடம் மலையில் கொழுந்து எடுத்தேன். அந்த மலையை நின்று பார்க்க நேரம் கொடுத்ததில்லை. இப்போது கண்ணாடிக்குள் பார்க்கிறேன்.

தீபாவளிக்கு வத்தளையிலிருந்து போன் வந்தது. கண் ஆபரேஷன் பற்றியும் கொழும்பு வெக்கை பற்றியும் பேசுவார் என்று நினைத்துக்கொண்டு காதில் வைத்தேன். அவர் எடுத்த எடுப்பில் கேட்டார்:

"மீனாச்சி, என் பேரு எப்பிடி இருக்கு?"

"நல்லா இருக்குண்ணே. காலையிலதான் தொடச்சேன்" என்றேன்.